தீமைக்கு இடமில்லா உலகில் அறத்திற்கு இடமுண்டா? – இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் விதியமைப்பை முன்வைத்து

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைக் கூறுகின்றது. செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு அது ஒருங்கு வைத்து எண்ணப்பட்டமை, விளையாட்டு வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கத்தக்கதன்று என்பதைப் புலப்படுத்தும். ஆயினும் விளையாட்டைப் பற்றிய அறச்சிந்தனை பெரும்பாலும் சூதினைக் கடிதல் என்னும் எல்லைக்குள்ளேயே நின்றுவந்துள்ளது. ஒரு விளையாட்டின் விதிகளை இயற்றுபவர், அவ்விதிகளின்கீழ் ஆடுவோர் செய்யும் நன்மை தீமைகளுக்கு எத்துணைப் பொறுப்புடையவர் என்னும் வினா அருகியே எழுப்பப்பட்டது. அதற்குக் காரணமும் உண்டு. சதுரங்கத்தை முதலில் இயற்றியவர் இன்னார் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. பல்லாங்குழிக்கும் அஃதே நிலை. விதிகள் வழிவழி வந்தவை. அவற்றிற்கு விடைசொல்ல வேண்டியவர் எவருமிலர்.

இணையவழியில் பல்லாயிரவர் ஒரே நேரத்தில் புகுந்து, தமக்கெனப் பாத்திரம் ஒன்றை வகுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் ஆடும் விளையாட்டுகளில் இந்நிலை மாறிவிட்டது. விதி வகுத்தோர் பெயரோடும் முகவரியோடும் அறியப்பட்டவர்; நேற்று இருந்த விதியை இன்று நீக்கவல்லவர். கொலை, களவு, வஞ்சனை ஆகியவை அவ்வுலகில் நிகழலாமா கூடாதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்பவரும் அவரே. அம்முடிவுகளுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, தீமை செய்ய இயலாதவாறு அமைக்கப்பட்ட ஓர் உலகில் எஞ்சியிருக்கும் நன்மையை அறம் என்று கொள்ளலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

பார்வையற்ற வணிகர்

1985ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கேரியட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் அல்டிமா வரிசையின் நான்காம் விளையாட்டை வெளியிட்டார். இஃது ஒருவரே தனித்து ஆடுவது. கொடியவனைக் கொன்று நாட்டை மீட்டல் என்னும் வழக்கமான முடிவு இதில் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, ஈகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளில் நிறைவு பெறுதலே ஆடுபவரின் குறிக்கோள். அவ்வுலகில் மந்திரத்திற்குரிய மூலிகைகளை விற்கும் வணிகர் கண்பார்வை அற்றவர். பொருளின் விலையை அவர் சொல்லுவார். எத்தனை பொற்காசு வைப்பது என்பதை ஆடுபவரே தட்டச்சு செய்யவேண்டும். நூறு காசுக்குரிய பொருளுக்கு ஒரு காசை வைத்துவிட்டு வந்தாலும் தடுப்பார் இலர். ஆனால் கணிப்பொறி அதனை மறைவாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும். வாய்மைப் பண்பில் அவர் தாழ்ந்துவிட்டார் என்பது பின்னரே தெரியவரும்.

இச்சிறிய அமைப்பு ஆழ்ந்த கருத்தொன்றை உள்ளடக்கியது. விலையைக் கணிப்பொறியே கழித்துக்கொண்டிருந்தால் ஆடுபவர் ஒருபோதும் ஏமாற்றியிருக்க மாட்டார். ஆனால் வாய்மையுடையவராகவும் இருந்திருக்க மாட்டார். பிளேட்டோ தம் குடியரசு நூலின் இரண்டாம் பகுதியில் கூறும் கைஜீஸின் கணையாழிக் கதை இங்கு நினைவுக்கு வருகின்றது. அணிந்தவரைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் அக்கணையாழி கிடைத்தபின்னும் ஒருவன் நேர்மையாக இருப்பானா என்பது அங்கே எழுப்பப்படும் வினா. கேரியட் வணிகரின் கண்ணை மறைத்ததன் வாயிலாக ஆடுபவர் ஒவ்வொருவர் கையிலும் அக்கணையாழியைக் கொடுத்துவிட்டார் எனலாம்.

எனினும் இவ்வமைப்பிற்கு ஒரு வரையறை உண்டு. ஏமாற்றப்படும் வணிகர் உயிருள்ளவர் அல்லர். அவருக்குப் பசியில்லை, இழப்பில்லை. ஆடுபவரின் தீமையால் ஆடுபவரே கெடுகின்றார். பிறிதோர் உயிருக்குத் துன்பமில்லை. ஆதலின் தீமைக்கு வாயில் திறந்துவைத்தமைக்காக வடிவமைப்பாளரைக் குறைகூற எவருக்கும் காரணம் தோன்றவில்லை.

பிரிட்டானியாவின் கொலைஞர்

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1997 செப்டம்பரில், அதே பிரிட்டானியா நாடு அல்டிமா ஆன்லைன் என்னும் பெயரில் பலரும் புகக்கூடிய இணைய உலகமாகத் திறக்கப்பட்டது. வணிகரும் சுரங்கத் தொழிலாளரும் தச்சரும் இப்போது உண்மையான மாந்தர். விதிகளோ பெரிதும் திறந்தவை. நகர எல்லைக்குள் காவலர் உண்டு; அதற்கு வெளியே ஒருவர் மற்றொருவரைக் கொல்லலாம். இறந்தவர் ஆவியாக அலைவார். அவர் சுமந்துவந்த பொருள்கள் உடலோடு கிடக்கும். கொன்றவர் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். நாள் முழுதும் தாது வெட்டிச் சேர்த்த புதியவர் ஒருவர் நகருக்குத் திரும்பும் வழியில் அனைத்தையும் இழப்பது அன்றாட நிகழ்ச்சியாயிற்று.

முதன்மை வடிவமைப்பாளர் ராஃப் காஸ்டரின் எதிர்பார்ப்பு இதுவன்று. கொலைஞர் தோன்றினால் காவலரும் தோன்றுவர்; மக்கள் தாமே கூடித் தமக்கொரு நீதியை நிறுவிக்கொள்வர் என்பதே அவர் நம்பிக்கை. அது முற்றிலும் பொய்க்கவும் இல்லை. கொலைஞரை வேட்டையாடுதலையே தொழிலாகக் கொண்ட குழுக்கள் தோன்றின. புதியவருக்கு வழித்துணையாகச் சென்றோரும் இருந்தனர். வடிவமைப்பாளரும் துணைவிதிகள் பலவற்றைச் சேர்த்தனர். கொலைப்பழி மிக்கவர் பெயர் செந்நிறத்தில் தோன்றியது. அவர் நகருக்குள் நுழைந்தால் காவலர் வெட்டி வீழ்த்தினர். அவர் தலைக்கு விலை வைக்கவும் வழி செய்யப்பட்டது. ஆனால் ஒவ்வொரு விதியும் புதியதொரு சூழ்ச்சிக்கு இடமளித்தது. அப்பாவி ஒருவரைச் சிறு குற்றம் செய்யுமாறு தூண்டி, அவர் குற்றவாளியெனக் குறிக்கப்பட்ட நொடியில் அவரை விதிப்படியே கொல்லும் தந்திரம் அவற்றுள் ஒன்று. சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கொல்லும் இத்திறம் விளையாட்டுலகிற்கு மட்டும் உரியதன்று.

காவலர் குழுக்கள் ஏன் வெல்லவில்லை என்பது எண்ணத்தக்கது. நிகழுலகில் கொலைஞன் தண்டனைக்கு அஞ்சுகின்றான், உயிர் ஒன்றே. இங்கோ அவன் பாத்திரம் மீண்டும் எழும். வேண்டுமெனில் புதிய பாத்திரம் ஒன்றை உருவாக்கிக்கொள்வான். கொலை செய்பவன் விரும்பிய நேரத்தில் வந்து போவான். காப்பவனோ எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். தீமை பொழுதுபோக்காகவும் காவல் கடமையாகவும் அமைந்துவிட்ட உலகம் அது. பொழுதுபோக்க வந்த இடத்தில் கடமையைச் சுமப்போர் எத்தனை பேர்?

2000ஆம் ஆண்டில் வெளிவந்த மறுமலர்ச்சி என்னும் பொருளுடைய விரிவாக்கத்தில் அவ்வுலகம் இரண்டாக்கப்பட்டது. பழைய நிலம் ஃபெலூக்கா எனப் பெயர்பெற்றுப் பழைய விதிகளோடு நின்றது. அதன் மறுபடியாகிய டிராமெல் என்னும் நிலத்தில், இசைவின்றி ஒருவர் மற்றொருவரைத் தாக்க இயலாது. தடை செய்யப்படுகின்றது என்பதன்று. செய்யவே இயலாது என்பது. மக்களுள் மிகப்பலர் டிராமெலுக்குக் குடிபெயர்ந்தனர். சந்தாதாரர் தொகை தொடர்ந்து பெருகி 2003இல் ஏறத்தாழ 2,50,000 என்னும் உச்சத்தை எட்டியது.

இம்முடிவு சரியா தவறா என்னும் வழக்கு கால் நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. எதிர்ப்போர் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. கொலைஞர் மறைந்தபோது அவரை எதிர்த்தவரும் மறைந்தனர். புதியவருக்கு வழித்துணை தேவையற்றதாயிற்று. வழித்துணை சென்றவரின் பெருமையும் அதனோடு போயிற்று. சோதிக்கப்படாத நல்லொழுக்கம் போற்றத்தக்கதன்று என 1644இல் அச்சுரிமை குறித்து எழுதுகையில் மில்டன் வாதிட்டதும் இதே போக்கினது. அடைபட்ட நிலத்தில் வளரும் நன்மை வலுவற்றது என்பது இவர்தம் கொள்கை.

ஆயின் இவ்வாதத்தில் மறைந்துநிற்கும் ஒரு கூறு உள்ளது. காவலரின் வீரம் வெளிப்படுவதற்கு யாரோ ஒருவர் கொள்ளையிடப்பட்டாக வேண்டும். அந்த யாரோ ஒருவர் அதற்கு இசைந்தாரா? தாது வெட்டிக்கொண்டிருந்த புதியவர் தம் இழப்பைப் பிறர் அறத்திற்குரிய களமாக அளிக்க முன்வரவில்லை. கேரியட்டின் பார்வையற்ற வணிகரை ஏமாற்றலாம்; அவர் படைக்கப்பட்டதே அதற்காக. 1997இன் சுரங்கத் தொழிலாளர் அவ்வாறு படைக்கப்பட்டவர் அல்லர். மாதக் கட்டணம் செலுத்தி வந்தவர். ஒருவர் பண்பட வேண்டுமென்பதற்காக மற்றவரைக் கருவியாக்குதல் முறையன்று. இவ்வகையில் டிராமெல் பிரிக்கப்பட்டமை சரியே. அதனால் நேர்ந்த இழப்பும் உண்மையே. சரியான முடிவுகள் இழப்பின்றி அமையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தேவையும் ஆசையும்

கொலையை விட்டுச் சிறிய தவறுகளுக்கு வருங்கால் வினா இன்னும் நுண்மையடைகின்றது. 2004 நவம்பரில் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஐவர் கூடி ஒரு குகைக்குள் சென்று அரக்கனை வீழ்த்துவர். அரிய வாள் ஒன்று கிடைக்கும்; அது ஒன்றே. அப்போது ஐவர் திரையிலும் தேவை, ஆசை, விலகல் எனப் பொருள்படும் தெரிவுகள் தோன்றும். தேவை என்றவர்க்கிடையே முதலில் பகடை உருட்டப்படும். எவரும் அவ்வாறு சொல்லாதவழியே ஆசை என்றவருக்கு வாய்ப்பு. தொடக்கத்தில் எவரும் எதனையும் அழுத்தலாம். வாளேந்தாத மந்திரவாதியும் தேவை என்பதை அழுத்தி, வென்று, சந்தையில் விற்றுவிடலாம்.

பங்கீட்டு நீதியின் தொன்மையான சிக்கல் ஒன்று மூன்று பொத்தான்களுள் அடங்கிவிட்டமை வியப்பிற்குரியது. ஒருவர் தம் தேவையைத் தாமே அறிவிக்க வேண்டும். பிறர் அதனை நம்ப வேண்டும். ஒரே சர்வரில் ஆடியவர் ஓர் ஊரார் போன்றவர். பொய்யாகத் தேவை என்றவரின் பெயர் பரவியது. அடுத்த முறை அவரைக் குழுவில் சேர்ப்பார் இலர். பழிநாணுதல் அங்கே விதியின் இடத்தை நிரப்பியது.

2009 டிசம்பரில் குழுக்களைத் தானே அமைத்துத்தரும் வசதி சேர்க்கப்பட்டது. அதுவரை நகரவீதியில் நின்று ஆள் தேடிச் சேர்த்து, நெடுந்தொலைவு நடந்துசென்று குகையை அடைய வேண்டியிருந்தது. இனி ஒரு பொத்தானை அழுத்தினால் வெவ்வேறு சர்வர்களைச் சேர்ந்த ஐவர் ஒன்றுகூட்டப்பட்டுக் குகைவாயிலில் நிறுத்தப்படுவர். வேலை முடிந்ததும் பிரிவர். மீண்டும் சந்திப்பது அரிது. அறியாதவர் முன் பழிக்கு அஞ்சுவார் யார்? அவ்வசதியோடு சேர்ந்தே, தம் வகைக்குப் பொருந்தாத பொருளுக்குத் தேவை என்பதை அழுத்த இயலாத விதியும் கொண்டுவரப்பட்டது.

இவ்விரு மாற்றங்களும் ஒருங்கே வந்தமை தற்செயலன்று. அண்டைவீட்டார் உறவு கலைக்கப்பட்ட இடத்தில் பொறியின் தடை நடப்பட்டது. நேர்மையைக் காத்துவந்த ஊரை நீக்கியவரும், நேர்மை தேவையற்றதாகும் விதியைத் தந்தவரும் ஒருவரே. நேரமில்லாத இலட்சக்கணக்கானோர்க்கு அவ்வசதி பேருதவியாயிற்று என்பதும் மறுக்கவியலாதது. வேலையும் குடும்பமும் உடையவரிடம், ஒரு மணிநேரம் வீதியில் நின்று ஆள் தேடுவதே உயர்ந்த வாழ்வு என்று கூறல் நகைப்பிற்குரியது. ஆயினும் டிராமெலில் தடுக்கப்பட்டது பிறர் உயிருக்கும் பொருளுக்கும் நேர்ந்த தீங்கு. இங்கே தடுக்கப்பட்டதோ ஒருவர் பொய் சொல்லும் வாய்ப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது.

வடிவமைப்பாளர் தலையிடாத இடத்தில் மக்கள் தாமே விதி இயற்றிக்கொண்டமைக்கும் சான்றுண்டு. 1999இல் வெளியான எவர்குவெஸ்ட் விளையாட்டில் பெருங்குழுக்கள் ஒன்றுகூடிப் பெரும்பூதங்களை வீழ்த்தின. கிடைக்கும் பொருளோ மிகச் சில. ஆதலால் வருகைக்கும் உழைப்புக்கும் புள்ளிகள் வழங்கி, அப்புள்ளிகளைக் கொடுத்துப் பொருள் பெறும் முறையை ஆடுவோரே வகுத்தனர். விளையாட்டின் நிரலில் எங்கும் இல்லாத, ஏட்டிலும் நம்பிக்கையிலும் மட்டும் இருந்த நாணயம் அது. தலைவர் ஓரவஞ்சனை செய்தால் குழு உடையும். வார்கிராஃப்ட் குழுக்களும் இம்முறையைப் பின்பற்றின. 2018இன் விரிவாக்கத்தில் தலைவர் பங்கிடும் உரிமையே நீக்கப்பட்டு, பொருள் நேரே தனியாளுக்கு வழங்கப்பட்டது, ஓரவஞ்சனைக்கு இடமில்லை. 2022இல் குழுப்பங்கீடு மீண்டும் கொண்டுவரப்பட்டது. நான்கே ஆண்டுகளில் நேர்ந்த இம்மீட்சி, ஒருவரோடொருவர் பங்கிட்டுக்கொள்ளும் இடர்ப்பாட்டையும் மக்கள் விளையாட்டின் ஒரு பகுதியாகவே கருதினர் என்பதற்குச் சான்றாகும்.

இசைவும் மறைப்பும்

மேற்கூறியவற்றில் இசைவு என்னும் அளவுகோல் அடிக்கடி பயன்படுத்தப்பட்டது. அதன் வலிமையை ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் காட்டும். விண்வெளியில் கப்பல் செலுத்தும் இவ்விளையாட்டில் வணிக வஞ்சனை, ஒற்று, நம்பிக்கைத் துரோகம் ஆகியவை பெரும்பாலும் விதிக்கு உட்பட்டவை. மாதக்கணக்கில் நண்பராகப் பழகியவர் கூட்டமைப்பின் கருவூலத்தைக் கவர்ந்து சென்றாலும் நிறுவனம் மீட்டுத் தராது. இதனை அறத்திற்கு மாறான விளையாட்டு என்று கூறத் தோன்றும். ஆனால் உள்ளே வருபவர் அதை அறிந்தே வருகின்றார். அறிந்தே ஒருவரை நம்புகின்றார். அவ்வுலகில் கொடுக்கப்படும் நம்பிக்கைக்கு டிராமெலில் இல்லாத மதிப்பு உண்டு. டிராமெலுக்குக் கூறிய நியாயம் இதனால் முறிவதில்லை. அங்கே கேட்கப்படாத இசைவு இங்கே கேட்கப்பட்டது.

அறிந்து இசைதல் என்பதே அளவுகோலாயின், அறியவிடாமல் செய்தல் கொலைக்கு இடமளிப்பதினும் ஆராயத்தக்க குற்றமாகின்றது. இதற்கும் படிநிலைகள் உள. வார்கிராஃப்ட் சோதனைக் காலத்தில், நெடுநேரம் ஆடுவோர்க்கு அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும் விதி இருந்தது. ஓய்வு கொள்ளட்டும் என்பது நோக்கம். ஆடுவோர் அதைத் தண்டனை என வெறுத்தனர். வடிவமைப்பாளர் வழக்கமான அளவைப் பாதியாகக் குறிப்பிட்டு, ஓய்வெடுத்து வந்தவருக்கு இருமடங்கு என அறிவித்தனர். கணக்கு மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியது. வெறுப்பு நன்றியாயிற்று. இஃது ஏமாற்றா? எண்கள் அனைவர்க்கும் தெரிந்தவையாதலின் ஏமாற்று என்று சொல்லவியலாது. மனத்தின் வளைவை அறிந்து பேசிய திறம் எனலாம்.

லூட் பாக்ஸ் எனப்படும் பரிசுப்பெட்டிகள் வேறு வகையின. பணம் கொடுத்து வாங்கும் பெட்டிக்குள் என்ன உள்ளது என்பது திறக்கும்வரை தெரியாது. அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதும் பல இடங்களில் நெடுங்காலம் சொல்லப்படவில்லை. சீனா அவ்வாய்ப்பு விழுக்காட்டை வெளியிட வேண்டும் என்னும் விதியை 2017இல் நடைமுறைப்படுத்தியது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் அத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதெனவே அறிவித்தது. திருக்குறள் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்து அதன் கேட்டை உரைக்கின்றது. ஆனால் பழைய சூதாடியின் கையில் கவறேனும் இருந்தது. அதற்கு எத்தனை பக்கம் என்பதை அவன் எண்ணிப் பார்க்கலாம். இங்கே கவறும் பக்கமும் எதிராளியிடமே உள. பெரும்பூதத்தைக் கொல்லும் குருதிக் காட்சிகளைக் கண்டு கவலையுறும் பெற்றோர், ஓசையும் ஒளியுமாகத் திறக்கும் அப்பெட்டியைக் கண்டு கவலையுறாமை வேறோர் ஆய்வுக்குரியது.

மீளா இறப்பு

2023 ஆகஸ்டில் வார்கிராஃப்ட் விளையாட்டின் பழைய வடிவத்தில் ஹார்ட்கோர் எனப்படும் சர்வர்கள் திறக்கப்பட்டன. அங்கே பாத்திரம் ஒருமுறை இறந்தால் இறந்ததே. மாதக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் முடியும். குறிப்பிடத்தக்கது யாதெனில், ஒருவர் மற்றொருவரைத் தாக்குவதற்கு அங்கும் இசைவு வேண்டும். பிரிட்டானியாவின் கொலைஞர்க்கு இடமில்லை. ஆபத்து உலகத்திலிருந்து வருகின்றது.

இங்கு எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஐவர் குகைக்குள் சிக்கி நிலைமை கைமீறும்போது, ஒருவர் தம் உயிரைக் காத்துக்கொண்டு ஓடிவிடலாம். அல்லது நின்று பிறரைக் குணப்படுத்தலாம். ஓடக்கூடாது என்று விதியில்லை. ஓடியவரைப் பொறி தண்டிப்பதுமில்லை. ஆனால் ஓடியவர் பெயரும் நின்றவர் பெயரும் மீண்டும் ஊராரிடையே பேசப்படலாயின. கொலைக்கு இடமளியாமலே, கோழைத்தனத்திற்கு இடமளித்ததன் வாயிலாக, வீரத்திற்கும் இடம் கிடைத்தது. தீமைக்கு இடமின்றி அறமில்லை என்று வாதிட்டோர், எந்தத் தீமைக்கு என்பதைப் பிரித்துக் காணவில்லை போலும்.

அவ்விதியும் ஒருமுறை வளைந்தது. இணைப்புத் தடை உட்பட எக்காரணத்தாலும் இறந்த பாத்திரங்கள் மீட்கப்படா என்பதே நிறுவனம் முன்னர் அறிவித்திருந்த நிலைப்பாடு. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புகழ்பெற்ற குழு ஒன்று பெரும்போரில் ஈடுபட்டிருந்த வேளையில் வெளியாட்கள் சர்வர்கள்மீது தாக்குதல் தொடுத்து அவற்றை முடக்கினர். அசைய இயலாமல் நின்ற பாத்திரங்கள் மாண்டன. மார்ச் மாதத்தில், அத்தாக்குதல்களால் இறந்தவற்றை மட்டும் உயிர்ப்பிப்பதாக நிறுவனம் அறிவித்தது. விதிக்குள் நிகழ்ந்த இறப்புக்கு ஆடுநர் இசைந்திருந்தார். விதிக்கு வெளியே நின்று ஏவப்பட்ட இறப்புக்கு அவர் இசைந்திலர் என்று இதற்கு நியாயம் கூறலாம். ஆனால் தம் வீட்டு இணைப்பு அறுந்தமையால் முன்னர் மாண்ட பாத்திரங்களுக்கு உரியவரும் அதே சர்வர்களில் இருந்தனர். அவ்வறுபட்ட கம்பிக்கும் அவர்கள் இசைந்திருக்கவில்லை.